பாங்கோசையும் நாற்காலியும்

எல்லாப் புகழும் ஏக நாயனாம் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர், நம் உயிரினும் இனிய பெருமானார் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

நம் தாசேக் கெலுகோர் வட்டாரத்துப் பள்ளிவாசல்களுக்கும் சூராவ்களுக்கும் வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஸஃப்புகளின் ஓரத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. அவை தள்ளாத வயதினருக்கும் நோயாளிகளுக்கும் என்று வைக்கப்பட்டவை. ஆனால் நாற்பதைத் தாண்டி ஐம்பதை எட்டாதவர்களும் இன்று அவற்றைத் தேடுகிறார்கள். முழங்கால் மடங்க மறுக்கிறது. மடங்கினால் எழ முடியவில்லை. ஸஜ்தாவில் வயிறு முட்டி மூச்சு வாங்குகிறது.

இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம் பெருமானார், நின்று தொழ முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று கூறியதாக புகாரியில் வந்துள்ளது. ஆகவே நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்க யாருக்கும் உரிமை இல்லை. நம் கேள்வி வேறு. மண்ணைத் தொட வேண்டிய நெற்றியைத் தொடவிடாமல் தடுப்பது வயதா, நோயா, அன்றி நாம் நாற்காலியில் இருந்தபடியே நாள்தோறும் சேர்த்து வைத்த எடையா? இதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தபடியே மேசை வேலை பார்க்கும் சகோதர சகோதரிகள் சிறப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலடிகள் எங்கே போயின?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. காரியாலயங்கள் மூடப்பட்டன, பள்ளிவாசல்களில் ஜமாஅத்தும் நின்றது. அன்று வீட்டுக்குள் நுழைந்த காரியாலயம் பலருக்கு இன்றும் வீட்டை விட்டு வெளியேறவில்லை. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை செய்யும் நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் பதில் கூற வேண்டும்.

இது ஒரு நிஃமத் என்பதில் ஐயமில்லை. பட்டர்வொர்த்துக்கும், பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸுக்கும் ஓடிக் களைத்தவர்கள் இன்று பெற்றோரின் அருகிலிருந்து மருந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருக்கிறார்கள். பெண்மக்களுக்குக் குடும்பத்தையும் வருவாயையும் ஒருங்கே பேண வழி பிறந்திருக்கிறது. யாம் இதைக் குறைகூற வரவில்லை.

ஆயினும் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முன்னர் ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குச் சென்றவர், இங்கே ரயில் நிலையம் வரை நடந்தார். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தார். அக்கரையில் இறங்கிக் காரியாலயத்துக்கு நடந்தார். மோட்டாரில் சென்றவரும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்தார்; படியேறினார்; பகலுணவுக்குக் கான்டீனுக்குப் போய் வந்தார். அவற்றைத் தேகப் பயிற்சி என்று யாரும் எண்ணவில்லை. இப்போதோ படுக்கையிலிருந்து மேசைக்குப் பத்தடி. மேசையிலிருந்து சமையற்கட்டுக்குப் பன்னிரண்டடி. பயணச் செலவு மிச்சமாயிற்று என்று மகிழ்ந்தோம். அத்துடன் காலடிகளும் மிச்சமாகி, இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துகொண்டன.

நாட்டின் நிலையும் இதையே காட்டுகிறது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019இல் மலேசியாவின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடற்பருமனோ உடையவராய் இருந்தனர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இருவரில் ஒருவருக்கு மேல்!

உட்கார்ந்தே செய்யும் வேலை உடலை என்ன செய்கிறது என்பதை லண்டன் மாநகரப் பஸ்கள் முன்பே காட்டின. டாக்டர் ஜெரி மாரிஸும் உடனிருந்தோரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் அமர்ந்திருந்த டிரைவர்களை விட, மாடி பஸ்ஸில் ஓயாமல் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. 1956இல் அவர்களுடைய சீருடையின் அளவுகளைப் பார்த்தபோது, டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவே பெரிதாக இருந்தது. ஒரே பஸ், ஒரே தெரு. ஒருவர் அமர்ந்திருந்தார், மற்றவர் நடந்தார்.

நம் முன்னோரும் வீட்டில் உழைத்தார்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதா? இல்லை. பினாங்குக்கு வந்து குடியேறிய நம்மவரில் கடையநல்லூர்க்காரர் பலர். அவ்வூர் முஸ்லிம்களின் பரம்பரைத் தொழில் நெசவு. வீட்டிலேயே குழித்தறி, தறியடியே காரியாலயம். ஆனால் அந்த நெசவாளர் கைகளால் நாடாவை எறிந்தார். குழிக்குள் கால்கள் மிதியை மாறி மாறி மிதித்தன. பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டுமாயின் தெரு நெடுக நடந்தாக வேண்டும். அமர்ந்த வேலையிலும் அங்கங்கள் சும்மா இருக்கவில்லை.

நம்மவர் பினாங்கில் தொடங்கிய நாசி கண்டாரை எண்ணிப் பாருங்கள். கண்டார் என்னும் மலாய்ச் சொல்லுக்கு, தோளில் தடி வைத்து இருபுறமும் பாரம் தொங்கவிட்டுச் சுமத்தல் என்று பொருள். ஒருபுறம் சோறு, மறுபுறம் கறி. தெருத் தெருவாகவும் துறைமுகம் வரையிலும் நடந்து விற்றார்கள். மூட்டை தூக்கிக் களைத்த தொழிலாளி வாங்கி உண்டார். விற்றவரும் நடந்தார், உண்டவரும் சுமந்தார். இன்று அந்தச் சோறு அப்படியே இருக்கிறது. ஆறு கறிகள் கலந்து பெருகவிட்ட குழம்பும் இருக்கிறது. தோள் தடி மட்டும் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஒருவர் வாசலில் கொண்டுவந்து தர, கணினித் திரையைப் பார்த்தபடியே நாம் உண்கிறோம். உணவின் மீது குற்றமில்லை. உழைப்புக்கென அளந்த உணவை உழைப்பின்றி உண்பதே குற்றம்.

பெருமானாரின் வீடு

இதற்கு வழி எங்கே என்று தேடினால், நம் நாயகத்தின் இல்லத்திலேயே இருக்கிறது. வீட்டில் பெருமானார் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் சென்றுவிடுவார்கள் என்ற கருத்தில் அன்னையார் விடை பகர்ந்தார்கள். செருப்பைத் தைப்பதும் துணியை ஒட்டுப் போடுவதும் அவ்வூழியத்தில் அடங்கும் என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன.

சகோதரர்களே! இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வீட்டில் இருந்தபோது அன்னாரின் கைகள் வேலை செய்தன. அடுத்து, பாங்கு ஒலித்ததும் கால்கள் வெளியே நடந்தன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இதனினும் சிறந்த கால அட்டவணையை யார் வகுத்துத் தர முடியும்?

மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தாரின் வீடுகள் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருந்தன. அருகில் குடிவர அவர்கள் விரும்பியபோது பெருமானார் தடுத்து, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்கள் எடுத்து வைக்கும் காலடிகள் நன்மையாகப் பதிவு செய்யப்படுவதாகவும் உணர்த்தினார்கள். தூரம் அவர்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தது. பெருமானாருக்கு அது செல்வமாகத் தெரிந்தது. அன்னார் தாமும் சனிக்கிழமை தோறும் சில வேளை நடந்தும் சில வேளை வாகனத்திலும் குபா பள்ளிக்குச் செல்வார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். மஸ்ஜிதுன் நபவியிலிருந்து அது மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்.

இதை நம்மூருக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். லுஹர் இங்கே பகல் ஒன்றேகால் மணியை ஒட்டியும், அஸர் மாலை நாலரை மணியை ஒட்டியும் வருகின்றன. இரண்டும் வேலை நேரத்துக்குள் அடங்குபவை. பள்ளிவாசலோ சூராவோ வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் இருப்பதாகக் கொள்வோம். போக வர 16 நிமிடம். இரு வேளைக்கு 32 நிமிடம். ஐந்து வேலை நாட்களுக்கு 160 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறியோ, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. மஃரிபையும் இஷாவையும் ஸுபுஹையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை!

ஆனால் அது நடையாக இருக்க வேண்டும். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியோடு வாருங்கள் என்பது நபிபோதம். அமைதி என்றால் அசமந்தம் அன்று. பெருமானாரின் நடை மேட்டிலிருந்து இறங்குபவரின் நடைபோல் உறுதியாய் இருந்தது என்று தோழர்கள் வருணித்துள்ளார்கள். உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், மூச்சும் சற்று வாங்க வேண்டும், அதுவே அளவு. முன்னதாகவே புறப்பட்டால் ஓடவும் வேண்டாம், மோட்டார் சைக்கிளை எடுக்கவும் வேண்டாம்.

வேலை நேரம் முதலாளியின் அமானத் அன்றோ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்நாட்டுச் சட்டம், இடையில் குறைந்தது அரைமணி ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அந்த ஓய்வை மேசையிலேயே கழிக்காமல் லுஹருக்கு நடக்கலாம். அஸருக்குரிய நேரத்தை மேலதிகாரியிடம் சொல்லி, காலையிலோ மாலையிலோ ஈடுசெய்து கொடுக்கலாம். மறைத்துச் செய்வது மட்டும் கூடாது. எஞ்சிய நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நிற்பதும், டெலிபோன் வந்தால் நடந்துகொண்டே பேசுவதும் வேலையைக் கெடுக்கா.

வயிற்றின் நீதி

நடை மட்டும் போதுமா? போதாது. அரைமணி நடையில் கரைவதை ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் திருப்பிக் கொடுத்துவிடும், மிச்சமும் வைக்கும். உண்ணவும் பருகவும் அனுமதித்த திருமறை, அல் அஃராஃப் அத்தியாயத்தில் அதே மூச்சில் விரயத்தையும் தடுக்கிறது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றை விடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகெலும்பை நிமிர்த்தச் சில கவளங்கள் போதுமென்றும், மிகுதியாய் உண்டே ஆக வேண்டுமெனில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் பெருமானார் வகுத்த கருத்தை மிக்தாம் (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது நிரப்பியே தீர வேண்டிய அளவு அன்று. அது மேல் எல்லை.

நம் சுகாதார அமைச்சு ‘சூக்கு சூக்கு செபாரோ’ என்று ஒரு தட்டுக் கணக்கைச் சொல்கிறது. கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ இறைச்சியோ பருப்போ, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் முக்கால் தட்டுச் சோறு. காய்கறி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

வீட்டில் வேலை பார்ப்பவருக்குச் சோதனை பகலுணவில் இல்லை. இடையிடையே கைக்கு எட்டுவதில்தான். காரியாலயத்தில் பத்துப்பேர் பார்வையில் திறக்கத் தயங்கிய முறுக்கு டப்பாவை இங்கே தடுப்பார் இல்லை. கண் திரையில் இருக்கும்போது கை எத்தனை முறை போயிற்று என்று வயிறு கணக்கு வைப்பதில்லை. ஆதலின் மூன்று நியமங்கள் போதும். மேசையில் உணவு இல்லை. உணவில் திரை இல்லை. தே தாரிக்குப் பதில் சீனியில்லாத் தேநீரோ வெறும் நீரோ. பிஸ்மில்லாஹ் சொல்லி அமர்ந்து, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்தால், உணவுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டாகிவிடும். நாளெல்லாம் கொறிப்பவருக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

திங்களும் வியாழனும் நோன்பு நோற்பது பெருமானார் விரும்பிச் செய்த சுன்னத். நப்ஸை அடக்க அது நல்ல ஆயுதம். ஆனால் பகலில் விட்டதை மஃரிபுக்குப் பின் வட்டியோடு வசூலித்தால் எடை எப்படிக் குறையும்? நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் டாக்டரைக் கேளாமல் இதில் இறங்க வேண்டாம்.

குறுக்கு வழியிலும் ஏமாற வேண்டாம். கெலுகோர் என்பது புளிப்புப் பழம் தரும் மரம். அதன் வற்றலைத்தான் ஆசாம் கெலுகோர் என்று மீன் கறிக்குப் போடுகிறோம். அதன் இனத்துப் பழங்களின் சாற்றை மாத்திரையாக்கி, எடையைக் கரைக்கும் என்று விற்கிறார்கள். குறிப்பிடத்தக்க பயன் நிலைநாட்டப்படவில்லை. விளம்பரத்தில் வரும் வேறு சில மெலிவு மருந்துகளில் ‘சிபுட்ராமின்’ என்ற மருந்தை ஒளித்துக் கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். இருதயத்துக்கு ஊறு என்று 2010இல் பல நாடுகள் விலக்கிய மருந்து அது. புளி குழம்புக்குள் இருக்கட்டும். பதிவில்லாத மருந்து வீட்டுக்குள் வர வேண்டாம்.

எள்ளல் வேண்டாம், துணை வேண்டும்

எடை கூடியவரையெல்லாம் சோம்பேறி என்று பழிப்பது பெரும் பாவம். பிள்ளைப்பேறு, தைராய்டுக் கோளாறு, சில மருந்துகள், உறக்கமின்மை, மனக்கவலை ஆகியவையும் எடையைக் கூட்டும். ஒருவரையொருவர் எள்ளுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல் ஹுஜுராத் அத்தியாயம் கண்டிக்கிறது. கல்யாண வீட்டில் நாலுபேர் முன் ஒருவரை ‘குண்டு’ என்று அழைப்பது வேடிக்கை அன்று. அது அந்தக் கண்டனத்துக்கு உட்பட்டது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பெருமானாரோடு ஓட்டப்பந்தயம் ஓடி வென்றார்கள். பின்னாளில் உடல் சற்றுப் பூரித்த பிறகு மறுபடி ஓடினார்கள். அப்போது பெருமானார் வென்று, முன்னதற்கு இது ஈடு என்று இன்முகத்தோடு சொன்னார்கள். அன்னையார் தாமே கூறிய செய்தி இது, அபூதாவூதில் உள்ளது. எடை கூடிய மனைவியை அந்த மாமனிதர் ஏளனம் செய்யவில்லை. வீட்டில் இரு என்று ஒதுக்கவும் இல்லை. கூடவே ஓடினார்கள்! கணவன்மார்களே, உங்கள் இல்லத்தரசி காலை முதல் மாலை வரை கணினி முன்னும், பிறகு அடுப்பின் முன்னும் இருக்கிறாரா? அறிவுரை கூறாதீர்கள். ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் தாமானைச் சுற்றி அரைமணி உடன் நடங்கள். அவர் நடக்கப் போகும் நேரத்தில் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், அதுவும் சுன்னத்தே.

அளவு தெரிய வேண்டுமாயின் ஒரு நாடா போதும். ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை. உயரத்தை ஒட்டிய எடைக் கணக்கும் நமக்குச் சற்று இறுக்கமானது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 63 கிலோவைத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டவர்களிடையே, சும்மா இருந்தவர்களை விட நீரிழிவு 28.5 விழுக்காடு குறைவாகவே வந்தது. அவர்களின் எடையோ பெரிதாகக் குறையவில்லை! தராசு காணாததை இரத்தம் காண்கிறது. எடை குறைந்தாலோ பலன் இன்னும் பெரிது. முழங்கால் தேய்ந்த பருமனானவர்களை வைத்து 2005இல் அமெரிக்காவில் கண்ட கணக்கு இது: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஸஜ்தாவுக்காக ஏங்கும் முழங்காலுக்கு இது எத்தகைய நற்செய்தி!

அமலில் அல்லாஹ்வுக்கு உவப்பானது, சிறிதாயினும் விடாது செய்வதே என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே நாளையே ஐந்து வேளையும் என்று ஆர்ப்பரித்து மூன்றாம் நாள் கைவிட வேண்டாம். நாளை லுஹருக்கு மட்டும் நடங்கள். அடுத்த வாரம் அஸரையும் சேருங்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு குடை போதும். பள்ளிவாசல் எட்டாத தொலைவில் இருப்பின், பாங்கு நேரம் வந்ததும் எழுந்து பத்து நிமிடம் வாசலிலேனும் நடந்து, உளூச் செய்து தொழுங்கள். அண்டை வீட்டாரும் வீட்டில் வேலை பார்ப்பவராயின் கதவைத் தட்டி அழைத்துச் செல்லுங்கள். லுஹரில் மெலிந்திருக்கும் ஸஃப்பும் நிமிரும்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று பெருமானார் தம் தோழருக்கு உணர்த்தினார்கள். இந்தத் தேகம் நம் சொத்து அன்று; கைமாற்றாக வந்த அமானத். திருப்பிக் கொடுக்கும் நாளில், இரவல் வாங்கிய பொருளைப் பாழாக்கித் தருபவனைப் போல நாம் நிற்கலாமா? பிள்ளைகளுக்காகத்தானே அந்த மேசை முன் இத்தனை மணி நேரம் அமர்கிறோம்! அந்தப் பிள்ளைகளுக்கு நம் சம்பளம் வேண்டும்; சம்பளத்தினும் மேலாக, நாமே வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் நீ இறக்கிய வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் வயிறுகளுக்கு அளவையும் எங்கள் கால்களுக்கு வலிவையும் அருள்வாயாக! நோயால் நாற்காலியில் தொழும் எங்கள் சகோதர சகோதரிகளின் தொழுகையை முழுமையாக ஏற்று, அவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் கடைசி நாள் வரை இந்த நெற்றி உன் மண்ணைத் தொடும் பாக்கியத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடாதிருப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.